ஆடுகிற பிள்ளையை உட்கார வைக்காதீர்கள்



பொழுது விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்து நின்று விடுகிறது. கணவர் ஓசூர் சிப்காட்டுக்குப் புறப்படுகிறார். மனைவி ரோஜாத் தோட்டத்துக்கோ, சீசன் வந்தால் மாம்பழக் கூழ் ஆலைக்கோ போகிறார். குடியிருப்பது வரிசையாகக் கட்டிய லைன் வீடு. ஒரே அறை. அதற்குள்தான் அடுப்பு, கட்டில், டி.வி. எல்லாம். பிள்ளை குதித்தால் பாத்திரம் உருளும். பக்கத்து வீட்டில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர் சுவரைத் தட்டுவார். என்ன செய்கிறோம்? "சும்மா உக்காரு!" என்று அதட்டி, கையில் செல்போனைக் கொடுத்து விடுகிறோம். பிள்ளையும் சும்மா உட்கார்ந்து விடுகிறது.

உழைத்துக் களைத்து வரும் பெற்றோரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பிள்ளைக்குச் சோறு, பால், தடுப்பூசி எவ்வளவு அவசியமோ, ஓடுவதும் ஆடுவதும் அவ்வளவு அவசியம் என்பதை எடுத்துச் சொல்வதே நோக்கம். அதற்குப் பணம் தேவையில்லை. வாசலும் ஒரு மணி நேரமும் இருந்தால் போதும்.

அங்கன்வாடி வாசலில் ஒரு பேச்சு

நம் மாவட்டத்தில் எந்த ஊரிலும் நடக்கக்கூடிய ஒரு பேச்சைக் கேளுங்கள். நாலரை வயதுப் பெண் குழந்தையோடு கணவனும் மனைவியும் அங்கன்வாடிக்கு வந்திருக்கிறார்கள். கிராம சுகாதார செவிலியர் எடை பார்த்து முடித்தார்.

செவிலியர்: எடை நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. கண்ணு, ஒத்தைக் கால்ல நொண்டி அடிச்சுக் காட்டு பாக்கலாம்?

(குழந்தை அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு காலைத் தூக்குகிறது. உடனே தடுமாறி ஊன்றி விடுகிறது.)

மனைவி: அவளுக்கு அதெல்லாம் தெரியாதுங்க நர்சம்மா. ரொம்பச் சமத்து. போனக் குடுத்தா போதும், மூணு மணி நேரம் இருந்த எடத்த விட்டு நகரமாட்டா.

செவிலியர்: அதுதான் தங்கச்சி எனக்குக் கவலை. நாலு வயசு தாண்டின பிள்ளை ஒத்தைக் கால்ல ரெண்டு மூணு தத்து தத்தணும். எதுக்கும் டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டிடலாம். கால்லயும் எலும்புலயும் குறை இல்லைன்னு தெரிஞ்சிட்டா, அப்புறம் நாம செய்ய வேண்டியது ஒண்ணுதான். ஆட விடணும். இங்கேயே சாயங்காலம் பிள்ளைங்களைக் கூட்டி ஆட வைக்கலாம்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. அனுப்பி வைங்க.

கணவர்: ஆட்டமா? எதுக்குங்க? எம்பொண்ண சினிமாவுலயா சேர்க்கப் போறேன்?

செவிலியர்: அண்ணே, நீங்க கம்பெனியில என்ன வேலை?

கணவர்: அசெம்பிளி லைன்ல நிக்கிறேன். எட்டு மணி நேரமும் ஒரே மாதிரி குனிஞ்சு நிமிரணும். ராத்திரி வந்து படுத்தா இடுப்பு விட்டுப் போகுது.

செவிலியர்: அப்ப உடம்பை எப்படி வளைக்கணும், எங்க பலம் போடணும்னு தெரிஞ்சுக்கிறது எவ்வளவு முக்கியம்னு உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். அதைச் சின்ன வயசுல சந்தோஷமாக் கத்துக்கற இடம்தாண்ணே இந்த ஆட்டம்.

கணவர் பதில் பேசவில்லை. யோசித்தார். நாமும் யோசிப்போம்.

இது என்ன ஆட்டம்?

ஆட்டம் என்றதும் பரதநாட்டியமும் சினிமாப் பாட்டு ஆட்டமும்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. பரதம் பெரிய கலை. முறைப்படி பல ஆண்டுகள் பயில வேண்டியது. சினிமா ஆட்டத்தில் திரையில் காண்பதை அப்படியே பார்த்துச் செய்கிறார்கள். இரண்டிலும் அசைவு முன்கூட்டியே முடிவாகி இருக்கிறது. பிள்ளை அதைக் கற்றுக்கொள்கிறது.

இங்கே சொல்வது மூன்றாவது வகை. பக்கத்துப் பெங்களூரில் கட்டணம் வாங்கிக்கொண்டு 'கிரியேட்டிவ் மூவ்மென்ட்' என்ற பெயரில் இதைக் கற்றுத் தருகிறார்கள். நம் பேச்சில் சொன்னால், பிள்ளை தானே கண்டுபிடித்து ஆடும் ஆட்டம். ஆசிரியர் அடவு சொல்லித் தருவதில்லை, கேள்வி கேட்கிறார். "மழைத் தூறல் எப்படி விழும்? உடம்பால காட்டு. பெருமழை எப்படி வரும்? மழை விட்டதும் தவளை எப்படித் தாவும்?" ஒரு பிள்ளை விரலை மட்டும் ஆட்டும். இன்னொரு பிள்ளை தரையில் உருளும். இரண்டும் சரி. 'தப்பு' என்ற சொல்லே இந்த வகுப்பில் கிடையாது. மார்க் இல்லை, பரிசு இல்லை, மேடையும் இல்லை.

ஆலைக்கும் ஆட்டத்துக்கும் உள்ள உறவு

இந்த முறை உலகில் பரவுவதற்கு முக்கியக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர் ருடால்ஃப் லாபான் என்ற ஆட்ட ஆசிரியர். 1879-ல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரிய ராஜ்யத்தில் பிறந்தவர். ஜெர்மனியில் பெயர் பெற்று, 1938-ல் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார். அப்போது இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஆண்கள் படைக்குப் போனார்கள். ஆலைகளில் பாரம் தூக்கும் வேலை பெண்களிடம் வந்தது. கை பலத்தை மட்டும் நம்பித் தூக்கினால் சீக்கிரம் களைத்துப் போவார்கள். லாரன்ஸ் என்ற தொழில் ஆலோசகரோடு சேர்ந்து லாபான் ஆலைகளுக்குள் போய் வேலையாட்களின் அசைவைக் கவனித்தார். உடம்பை வீசி, அந்த வீச்சின் வேகத்தைப் பயன்படுத்தித் தூக்கினால் சிரமம் குறையும் என்று காட்டினார். இருவரும் சேர்ந்து 1947-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார்கள். மறு ஆண்டு, 1948-ல், பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பற்றி லாபான் இன்னொரு புத்தகம் எழுதினார். இங்கிலாந்துப் பள்ளிகளில் இந்த ஆட்டம் பரவியது.

தொழிலாளியிடமும் பிள்ளையிடமும் அவர் கவனித்தது ஒன்றையே. எந்த அசைவைப் பார்த்தாலும் நான்கு கேள்விகள் கேட்டார்.

1. எந்தப் பக்கம் போகிறது? நேராகவா, சுற்றி வளைத்தா?
2. எவ்வளவு பலம் போடுகிறது? கனமாகவா, லேசாகவா?
3. என்ன வேகம்? சட்டென்றா, மெல்லவா?
4. தடையின்றி ஓடுகிறதா, பிடித்து நிறுத்தும்படி இருக்கிறதா?

இந்த நான்கையும் நினைவில் வையுங்கள். வாசலில் ஆட வைக்கும்போது இவையே உங்களுக்குப் பாடத்திட்டம்.

நம் தமிழ்நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. குழந்தைக் கல்வியில் பெயர் பெற்ற இத்தாலிய டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். அவருடைய பயிற்சிகளில் ஒன்று கோட்டின் மேல் நடப்பது. தரையில் முட்டை வடிவில் கோடு போட்டு, பிள்ளை அதன் மேல் அடி பிசகாமல் நடக்கும். பழகிய பிறகு கையில் தண்ணீர்க் குவளையோடு நடக்கும். பார்ப்பதற்கு எளிது. ஆனால் கண், கால், காது, மனம் நான்கும் அதில் ஒன்றாக வேலை செய்கின்றன. கோலப்பொடி உள்ள எந்த வீட்டிலும் இதைச் செய்யலாம்.

உடம்புக்கு என்ன நன்மை?

எலும்பு: குதிக்கும்போது எலும்பின் மேல் பாரம் விழுகிறது. அந்தப் பாரத்தைத் தாங்குவதற்காக எலும்பு உறுதிப்படுகிறது. சிறு வயதில் சேர்த்த உறுதி பிற்காலத்துக்குச் சேமிப்பு.

தசையும் மூச்சும்: ஓடி ஆடும் பிள்ளைக்கு இதயமும் நுரையீரலும் பலப்படும். வேண்டாத பருமன் வராமல் தடுக்க உதவும்.

நிதானம்: ஒற்றைக் காலில் நிற்பது, திடீரென்று நிற்பது, திரும்புவது இவையெல்லாம் சேர்ந்து உடம்புக்கு ஒரு நிதானத்தைத் தருகின்றன. நிதானம் உள்ள பிள்ளை எளிதில் விழாது. விழுந்தாலும் சமாளித்துக்கொள்ளும்.

கண்: பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் பிள்ளைக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது. வெயில் பட்டால் வைட்டமின் 'டி'யும் கிடைக்கிறது.

மனம்: நாலு பேர் நடுவில் கை தூக்கி ஆடிய பிள்ளைக்கு, வகுப்பில் எழுந்து பதில் சொல்லும் தைரியம் வரும். தன் முறை வரும் வரை பொறுக்கவும், பக்கத்துப் பிள்ளை மேல் மோதாமல் ஒதுங்கவும் பழகும்.

எந்த வயதில் எவ்வளவு?

உலக சுகாதார நிறுவனம் 2019-லும் 2020-லும் இதற்கு அளவு சொல்லியிருக்கிறது.

1 முதல் 4 வயது வரை: நாள் முழுவதும் பிரித்துப் பிரித்து 180 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும். 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும் ஓட்டமும் குதியும் வேண்டும்.

5 முதல் 17 வயது வரை: தினம் சராசரி 60 நிமிடம். வாரம் 3 நாளாவது எலும்புக்கும் தசைக்கும் உறுதி தரும் ஆட்டம்.

செல்போனும் டி.வி.யும்: 2 வயது வரை வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. அதற்கும் குறைந்தால் இன்னும் நல்லது.

தூக்கம்: 3, 4 வயதில் 10 முதல் 13 மணி நேரம். ஆடிய பிள்ளைக்குத் தூக்கம் தானே வரும்.

பிள்ளையின் வளர்ச்சியையும் கவனித்து வாருங்கள். ஒன்றரை வயதுக்குள் தனியே நடக்க வேண்டும். 2 வயதில் ஓட வேண்டும். 3 வயதில் ஒற்றைக் காலில் ஒரு கணம் நிற்க வேண்டும். 4 வயதில் தத்த வேண்டும். 5 வயதில் தாவித் தாவி ஓட வேண்டும். ஒரு பிள்ளைக்கு முன்னே, ஒரு பிள்ளைக்குப் பின்னே இருக்கலாம். ஒன்றரை வயதாகியும் நடக்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்து வாருங்கள்.

மூன்று மொழி, ஒரே ஆட்டம்

நம் எல்லைப் பகுதிக்கு ஒரு விசேஷம் உண்டு. ஒரு தெருவிலேயே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிறோம். 1970-களில் சிப்காட் வந்த பிறகு வெளி மாவட்டத்துக் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. இன்று வடமாநிலக் குடும்பங்களும் இருக்கின்றன. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று பிள்ளை திணறுகிறது. வார்த்தை வராத பிள்ளை மூலையில் ஒதுங்கி விடுகிறது.

ஆட்டத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. 'யானை மாதிரி நட' என்பது புரியாத பிள்ளையும், மற்றவர் நடப்பதைப் பார்த்தவுடன் நடந்து விடும். நடந்துகொண்டே 'யானை' என்ற சொல்லையும் பிடித்துக்கொள்ளும். நம்முடைய கோலாட்டத்தையே பாருங்கள். தெலுங்கில் கோலாட்டம், கன்னடத்தில் கோலாட்ட. கோல் ஒன்று, தாளம் ஒன்று. மொழி தெரியாத பிள்ளை முதலில் ஆட்டத்தில் சேரட்டும். பேச்சு பின்னால் வரும்.

வாசலில் ஒரு வகுப்பு: நடத்துவது எப்படி?

அங்கன்வாடி வாசல், கோயில் முன்புறம், அறுவடை முடிந்த களத்துமேடு, எது கிடைத்தாலும் சரி. கல்லும் முள்ளும் கண்ணாடித் துண்டும் இல்லாமல் பெருக்கி விடுங்கள். வெயில் தாழ்ந்த 5 மணி நல்ல நேரம். 3 முதல் 8 வயதுப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் போதும். நடத்துவதற்கு ஒரு பெரியவர், தட்டுவதற்கு ஒரு தாம்பாளம். வேறு செலவு இல்லை.

முதல் 5 நிமிடம் - வட்டம்: எல்லாரும் வட்டமாக நின்று தலை, தோள், இடுப்பு, முட்டி, பாதம் என்று ஒவ்வொன்றாக அசைக்கட்டும். உடம்பு சூடேறும்.

அடுத்த 5 நிமிடம் - கோட்டு நடை: கோலப்பொடியால் பெரிய வட்டம் போட்டு அதன் மேல் நடக்கட்டும். முதலில் முன்னோக்கி, பிறகு குதிகாலில், பிறகு நுனிக்காலில்.

அடுத்த 10 நிமிடம் - ஓடு, நில்: தாம்பாளத்தைத் தட்டும்வரை ஓட்டம். சத்தம் நின்றதும் கல்லாகச் சமைந்து நிற்க வேண்டும். வேகமாகத் தட்டுங்கள், மெல்லத் தட்டுங்கள், ஓங்கித் தட்டுங்கள், தொட்டும் தொடாமலும் தட்டுங்கள். மேலே சொன்ன நான்கு கேள்விகளும் இங்கே தானாக வரும்.

அடுத்த 15 நிமிடம் - நம்ம ஊர்க் காட்சி: இதுதான் வகுப்பின் உயிர். பிள்ளைகளிடம் கேளுங்கள். கே.ஆர்.பி. அணையில் மதகு திறந்தால் தண்ணீர் எப்படிப் பாயும்? தளி, தேன்கனிக்கோட்டைக் காட்டிலிருந்து வரும் யானை எப்படி நடக்கும்? ரோஜா மொட்டு எப்படி விரியும்? காற்றடித்தால் மாங்காய் எப்படி விழும்? கம்பெனியில் அப்பா பெல்ட்டில் வரும் சாமானை எப்படி எடுத்து வைப்பார்? நீங்கள் செய்து காட்டாதீர்கள். கேட்டு விட்டுக் காத்திருங்கள். பிள்ளை யோசிக்கும் அந்த நேரம் வீண் போகாது.

அடுத்த 10 நிமிடம் - கூட்டு ஆட்டம்: கும்மி, கோலாட்டம், நொண்டி, பச்சைக்குதிரை. உங்கள் ஊர்ப் பாட்டிமார்களைக் கூப்பிடுங்கள். அவர்களுக்குத் தெரிந்த பாட்டு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கடைசி 5 நிமிடம் - ஓய்வு: பாய் விரித்து மல்லாக்கப் படுத்து, வயிறு ஏறி இறங்குவதைக் கவனிக்கட்டும். பிறகு தண்ணீர்.

ஆக 50 நிமிடம். தினம் முடியாவிட்டால் வாரம் 3 நாள் நடத்துங்கள். மற்ற நாட்களில் பிள்ளைகள் தாங்களே ஆடுவார்கள்.

அங்கன்வாடியிலும் இது புதிதல்ல. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்துக்கே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்றுதான் பெயர். அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் ஆட்டம் பாட்டோடு பாடம் நடக்கிறது. ஆகவே "எம்புள்ள ஸ்கூல்ல ஆடிக்கிட்டே இருக்கான், படிப்பே இல்ல" என்று ஆசிரியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஆட்டத்துக்குள்ளேதான் படிப்பு இருக்கிறது.

அப்பாவுக்கும் பங்கு உண்டு

பிள்ளை வளர்ப்பு தாயின் வேலை என்று ஒதுங்க வேண்டாம். ஷிப்ட் முடித்து வந்ததும் பத்து நிமிடம் பிள்ளையோடு ஆடுங்கள். முதுகில் உப்பு மூட்டை தூக்குங்கள். அது குதிப்பதைக் கைதட்டிப் பாருங்கள். நாள் முழுவதும் ஒரே அசைவைச் செய்த உங்கள் உடம்புக்கும் அது நல்ல மருந்து. அப்பா சிரித்து ஆடிய நாளைப் பிள்ளை மறக்காது.

பெண் பிள்ளையைத் தடுக்காதீர்கள்

"வயசுக்கு வரப்போற பொண்ணு, இன்னும் என்ன குதி?" என்று பத்து வயதிலேயே நிறுத்தி விடுகிறோம். எலும்பு வேகமாக வளர்வது அந்த வயதில்தான். அப்போது முடக்கி வைத்தால் நஷ்டம் அவளுக்கு. மாதவிலக்கு நாட்களிலும் வலி இல்லாவிட்டால் ஆடலாம், ஓடலாம். கெடுதல் இல்லை. வளரும் பெண்ணுக்குச் சோர்வும் மூச்சு வாங்கலும் இருந்தால் ஆட்டம் காரணமல்ல. பெரும்பாலும் இரத்தசோகையே காரணமாக இருக்கும். பரிசோதனை செய்யுங்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

உடம்பைப் பற்றிய அறிவும் வாய் திறந்து 'வேண்டாம்' என்று சொல்லும் தைரியமும் உள்ள பெண் பிள்ளை தன்னைக் காத்துக்கொள்வாள். 18 வயதுக்கு முன் திருமணம் என்று யாராவது பேசினால், அவளுக்காக நீங்களும் 'வேண்டாம்' என்று சொல்லுங்கள்.

உடல் குறை உள்ள பிள்ளையும் ஆடலாம்

நடக்க முடியாத பிள்ளை உட்கார்ந்தபடி கையால் ஆடலாம். காது கேளாத பிள்ளை, தாம்பாளத்தைத் தொட்டு அதன் அதிர்வை அறிந்து ஆடலாம். பார்வை குறைந்த பிள்ளை ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆடலாம். சரி, தப்பு இல்லாத வகுப்பு என்பதால் எல்லாருக்கும் இடம் உண்டு. அவர்களை வீட்டுக்குள் மறைத்து வைக்காதீர்கள்.

2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கும் ஒருமுறை அரசுப் பள்ளிக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. அன்று வேலை இருந்தாலும் பிள்ளையை அனுப்பத் தவறாதீர்கள். குறை தெரிந்தால் மேல்சிகிச்சைக்கு வழி சொல்வார்கள்.

ஆடும் பிள்ளைக்கு ஆகாரம்

எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அது நம் வயலிலேயே விளைகிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான். களி, கூழ், அடை, எப்படியாவது தினம் ஒருவேளை கேழ்வரகு கொடுங்கள். அத்துடன் முருங்கைக்கீரை, அவரை, துவரை, முடிந்தால் முட்டை, பால். "களி ஏழை சாப்பாடு" என்று ஒதுக்கி, கடைப் பாக்கெட்டை வாங்கிக் கொடுப்பது காசு கொடுத்துப் பலவீனத்தை வாங்குவதாகும்.

தண்ணீர் விஷயம் முக்கியம். கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளூரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பிள்ளையின் பல்லில் திட்டு விழும். நாளடைவில் எலும்பும் மூட்டும் விறைத்துப் போகும். கொதிக்க வைத்தாலும் புளூரைடு போகாது. இதற்காகத்தான் ஜப்பான் நாட்டு நிதி உதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு, 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது. குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீரையே பயன்படுத்துங்கள். பல்லில் பழுப்புத் திட்டோ, காலில் வளைவோ கண்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கவனிக்க வேண்டியவை

1. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கையைப் பிடித்துச் சுழற்றாதீர்கள். முழங்கை மூட்டு பிசகி விடும். அக்குளில் பிடித்துத் தூக்குங்கள்.
2. வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் ஆட வேண்டாம். காய்ச்சல் உள்ள நாளில் ஓய்வு கொடுங்கள்.
3. காலை விரி, இன்னும் வளை என்று அழுத்தாதீர்கள். வலித்தால் நிறுத்தி விட வேண்டும்.
4. மூச்சிரைப்பு, இருதயக் கோளாறு உள்ள பிள்ளை எவ்வளவு ஆடலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். தடை என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.
5. வெட்கப்படும் பிள்ளையை இழுத்து நடுவில் விடாதீர்கள். ஓரமாக உட்கார்ந்து பார்க்கட்டும். ஒரு நாள் அதுவே எழுந்து வரும்.
6. பெரியவர்களின் சினிமாப் பாட்டுக்குப் பொருந்தாத சைகைகளைப் போட வைத்து, அதைப் பார்த்துச் சிரித்து, படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பாதீர்கள்.
7. கட்டண வகுப்பில் சேர்ப்பதானால், முதலில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் பார்க்கக் கூடாது என்று கதவைச் சாத்தும் இடம் வேண்டாம். அடிக்கும் இடமும் வேண்டாம். பிள்ளைக்கு யாராலும் தொல்லை என்றால் 1098 எண்ணுக்கு போன் செய்யுங்கள். செலவில்லை.

மறுபடியும் அங்கன்வாடி வாசல்

மூன்று மாதம் கழித்து அதே தம்பதி, அதே குழந்தை. டாக்டர் பார்த்து, கால்களில் குறை எதுவும் இல்லை என்று சொல்லி விட்டார். சாயங்கால வட்டத்தில் சேர்ந்து ஆடியதுதான் வைத்தியம்.

செவிலியர்: கண்ணு, நொண்டி அடிப்பியா?

(குழந்தை கேட்டு முடிப்பதற்குள் அங்கன்வாடிப் படியிலிருந்து வேப்பமரம் வரை ஒற்றைக் காலில் தத்திப் போகிறது. திரும்பும்போது காலை மாற்றிக்கொள்கிறது.)

மனைவி: இப்பல்லாம் போனத் தேடறதே இல்லைங்க. வூட்டுல ஒரு நிமிசம் நிக்க மாட்டேங்கறா. கோலம் போட உடமாட்டேங்கறா, அதும் மேலயே நடக்கறா!

கணவர்: அது மட்டுமா? சாமான எடுத்து வெக்கறப்ப முட்டிய மடக்குப்பான்னு எனக்கே சொல்லித் தர்றா நர்சம்மா.

செவிலியர்: சொல்லட்டும்ணே. கேட்டுக்குங்க. உங்க இடுப்புக்கும் நல்லதுதான்.

நினைவில் வையுங்கள்

ஓடி ஆடும் பிள்ளை அடங்காத பிள்ளை அல்ல, வளர்கின்ற பிள்ளை.

தினம் ஒரு மணி நேரம் ஆட்டம், ஒரு வேளை கேழ்வரகு, நல்ல தண்ணீர், நிறைந்த தூக்கம்.

ஆணோ பெண்ணோ, எந்த மொழி பேசும் வீட்டுப் பிள்ளையோ, வட்டத்தில் எல்லாருக்கும் இடம் உண்டு.

பிள்ளையின் வளர்ச்சியில் எந்தச் சந்தேகம் வந்தாலும் உங்கள் கிராம சுகாதார செவிலியரையோ, ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகுங்கள். நேரில் வர முடியாவிட்டால் 104 எண்ணில் கேளுங்கள்.

இன்று சாயங்காலமே வாசலைப் பெருக்கிக் கோலப்பொடியால் ஒரு வட்டம் போடுங்கள். மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.